இடைவேளைக்கு அப்புறம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு சுகர் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. பெரியம்மா முழங்காலுக்கு இன்னும் அந்த எண்ணெயைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வளையல் விஷயத்தை நான் அவளிடம் வாயே திறக்கவில்லை, நீ கவலைப்படாதே.

ஃபோனில் "சாப்பிட்டேம்மா, மீட்டிங் இருக்கும்மா" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. கடிதமென்றால் உனக்கு ஒழிந்த நேரத்தில் படிக்கலாம். உடனே பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. சிகாகோவில் குளிர் அதிகம் என்று டிவியில் பார்த்தேன். ராத்திரி தலையை மூடிக்கொண்டு படு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அப்பா காரில் நம்முடைய "இன்டூ த உட்ஸ்" பாட்டு நாடகத்தின் ஆல்பத்தைப் போட்டார், சிண்டரெல்லா மாதிரித் தேவதைக் கதைகளையெல்லாம் கலந்த அந்த நாடகம்தான். கிராமி வாங்கியதே, அந்த 2022 ஆல்பம். இரண்டு இளவரசர்களும் சேர்ந்து புலம்புகிற பாட்டு வந்ததும் அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டார். ஏன் என்று இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை. 2024 செப்டம்பர் 30 அன்று, அந்த இளவரசர்களில் ஒருவராக நடித்த கேவின் கிரீல் போய்விட்டார் என்ற செய்தி வந்த ராத்திரி, நீ அழைத்து அழுதாயே, அதுதான் இருவர் மனதிலும் இருந்தது. நாற்பத்தெட்டு வயது சாகிற வயதா என்று நானும் உன்னோடு சேர்ந்து அழுதேன். ஆனால் ஒரு நடிகருக்காக மட்டும் ஒருத்தி அவ்வளவு நேரம் அழுவாளா என்று எனக்கு அன்றே தோன்றியது. அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அந்த நாடகத்தைப் பற்றி நாம் போட்ட சண்டை பாக்கியிருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அன்று நியூயார்க்கில் நாடகம் பார்த்துவிட்டு பென் ஸ்டேஷனில் ரயில் ஏறியதிலிருந்து எடிசன் வரும்வரை நீ விடவில்லை. "கத்தட்டும்மா, அவங்க சந்தோஷத்துக்கு நீ ஏன் முகத்தைச் சுளிக்கிறே" என்றாய். நான் முகம் சுளித்தது உண்மை. செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் விளக்கு அணைந்த நிமிஷத்திலிருந்து ஒரே கூச்சல். கதை சொல்கிறவர் வந்து வாயைத் திறக்கும் முன்பே அவருக்கு ஒரு கைதட்டல். அப்புறம் சிண்டரெல்லாவாக ஃபிலிப்பா சூ, ரொட்டிக்காரராக பிரையன் டார்சி ஜேம்ஸ், அவர் மனைவியாக ஸாரா பரேலிஸ். ஒவ்வொருவருக்கும் அலறல். பட்டீனா மில்லர் சூனியக்காரியாக வந்தபோது என் பின்னால் இருந்த பெண் விசிலே அடித்தாள். என் பக்கத்து சீட்டுப் பையன் முதல் பாட்டு முழுவதையும் கூடவே முணுமுணுத்தான். ஆரம்ப வசனம் பாதி என் காதில் விழவே இல்லை.

நான் கத்தலே கேட்காமல் வளர்ந்தவள் இல்லை. எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் போடும்போது, நாரதர் வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாலே விசில் பறக்கும். பாட்டு நடுவில் மேடையேறிச் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்கள். ஆனால் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்கிவிட்டால், கடலை விற்கிறவன்கூட நின்று கேட்பான். ஆளைக் கொண்டாடுவது வேறு, ஆள் சொல்வதைக் கேட்பது வேறு. இது இரண்டும் இந்த ஜனங்களுக்குத் தெரியுமா என்பதுதான் முதல் பாதி முழுக்க என் சந்தேகமாக இருந்தது.

நீ சொன்ன காரணங்களை நான் மறக்கவில்லை. 2020 மார்ச் 12 அன்று கொரோனாவுக்காகப் பூட்டிய நியூயார்க்கின் பிராட்வே அரங்குகள் மறுபடி முழுசாகத் திறக்க ஒன்றரை வருஷம் ஆனது. திறந்த கொஞ்ச நாளில், 2021 நவம்பரில், இந்த நாடகத்துக்குப் பாட்டெழுதி இசையமைத்த சோண்ட்ஹைம் காலமானார். அவர் பாட்டுக்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒன்றுகூட இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். 2022 மே மாதம் சிட்டி சென்டர் அரங்கில் இரண்டே வாரம் போட்ட நாடகத்தை செயின்ட் ஜேம்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். எட்டு வாரம் மட்டும் என்று ஆரம்பித்து 2023 ஜனவரி 8 வரை ஓட்டினார்கள். இவ்வளவும் ரயிலில் நீ எனக்கு விரலை மடக்கி மடக்கிச் சொன்னது. "அவங்க நடிகருக்காகக் கத்தலம்மா, திரும்ப ஒண்ணா உட்கார்ந்திருக்கோம்னு கத்தறாங்க" என்றாய். அது சரிதான் என்று அப்போதே பட்டது. இருந்தாலும் உன்னிடம் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, ஏனென்றால் நீ என்னைக் கேட்கவிடாமல் பேசிக்கொண்டே வந்தாய். இப்போது நீ பேசவே மாட்டேன் என்கிறாய்.

மாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏழாம் வகுப்பில் உன் பள்ளியில் இதே நாடகத்தைப் போட்டபோது உனக்கு அந்த மில்க்கி ஒயிட் மாட்டு வேஷம் கொடுத்தார்கள். உன் தோழிக்கு சிண்டரெல்லா, உனக்கு மாடு. மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாய். வசனமே இல்லாத வேஷம் என்றாய். மேடையில் நீ தலையை ஆட்டி மாட்டுக்காரப் பையன் ஜாக்கைப் பார்த்த பார்வையில் அப்பா கண் கலங்கிப் போனார். செயின்ட் ஜேம்ஸில் கென்னடி கனகாவா அந்தப் பொம்மை மாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அது என்ன அழகு! எலும்பும் தோலுமாக ஒரு மாடு. கையில் வைத்திருக்கிற ஆளின் முகமும் மாட்டு முகமும் ஒன்றாகவே வாடின, ஒன்றாகவே மலர்ந்தன. அது செத்து விழுந்தபோது அத்தனை பெரிய அரங்கமும் "ஐயோ" என்று ஒரே மூச்சாக இழுத்தது. அதில் நடிப்பு இல்லை, ரசிகர் கூச்சலும் இல்லை. உனக்குக் கிடைத்ததும் அதே வேஷம் என்று பக்கத்துப் பையனிடம் சொல்லிவிட்டேன். நீ என் கையைக் கிள்ளினாய். நான் சொன்னதில் தப்பே இல்லை. இன்னொரு தடவை போனாலும் சொல்வேன்.

உன் பள்ளியில் போட்டது சின்னப் பிள்ளைகளுக்கான சுருக்கம். அது முதல் பாதியோடு முடிந்துவிடும். ரொட்டிக்காரர் மனைவி கர்ப்பமாகிவிடுவாள், சிண்டரெல்லாவுக்கு இளவரசன் கிடைத்துவிடுவான், எல்லோரும் கைகோத்துக்கொண்டு ஆடுவார்கள், திரை விழும். நான் இத்தனை வருஷமும் கதை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் செயின்ட் ஜேம்ஸில் இடைவேளை விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். "உட்காரும்மா, இனிமேதான் கதையே இருக்கு" என்று நீ சேலையைப் பிடித்து இழுத்தாய். நமக்கு முன் வரிசையில் ஒரு குடும்பம் நிஜமாகவே கிளம்பிப் போய்விட்டது. முதல் பாதியில் அவ்வளவு கை தட்டியவர்கள். 1987இல் முதன்முதலில் பிராட்வேக்கு வந்தபோதிலிருந்தே இந்த நாடகத்தில் சிலர் அப்படிப் போய்விடுவார்கள் என்று நீதான் சொன்னாய்.

சிகாகோவுக்கு அந்தக் குழு 2023 வசந்தத்தில் வந்தபோது நீ மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாய். நிஜத்திலேயே புருஷன் பெண்டாட்டியான ஸ்டெஃபனி ஜே. பிளாக்கும் செபாஸ்டியன் ஆர்சிலஸும் ரொட்டிக்காரர் ஜோடியாக நடித்தார்கள் என்று குஷியாகச் சொன்னாய். மாப்பிள்ளை இடைவேளையில் "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் அதைக் குறையாக எடுக்கவில்லை. நானே எழுந்தவள்தானே. அவருக்கு ஆபீஸ் அலைச்சல் வேறு. ஆனால் மறுபடி உட்கார்ந்து பார்த்தாரா என்று நீ சொல்லவே இல்லை. நானும் அப்போது கேட்கத் தோன்றாமல் விட்டுவிட்டேன்.

இரண்டாம் பாதியில் அந்தக் கூட்டம் மாறியதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ராட்சசி வருகிறாள், ஊர் நாசமாகிறது, ஒவ்வொருவராகச் சாகிறார்கள். எவரும் நல்லவர்களாகவே மிச்சமிருப்பதில்லை. ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். விசிலடித்த பெண்ணின் சத்தம் நின்றுபோனது. பக்கத்துப் பையன் முணுமுணுப்பை விட்டுவிட்டான். ஸாரா பரேலிஸ் காட்டுக்குள் தனியாக நின்று, நடந்தது சரியா தப்பா என்று தனக்குத்தானே பேசிப் பாடி முடித்தபோது வந்த கைதட்டல், அவள் முதலில் மேடைக்கு வந்தபோது கிடைத்ததைப் போல இல்லை. சம்பாதித்துக்கொண்ட கைதட்டல் அது. அடுத்த சில நிமிஷத்தில் அந்த மனைவி போய்ச் சேர்ந்தாள். ஒருவரும் மூச்சு விடவில்லை. அப்போதுதான் இவர்களுக்குக் கேட்கவும் தெரியும் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒரே ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இளவரசன் சிண்டரெல்லாவிடம், என்னை மனதை மயக்கத்தான் வளர்த்தார்கள், உண்மையாக இருக்க வளர்க்கவில்லை என்கிற மாதிரி ஒன்று சொல்கிறான். கேவின் கிரீல் அதைச் சொன்ன அழகுக்கு அரங்கமே அதிர்ந்து சிரித்தது. அவர் பெரிய கலைஞர், சிரிக்காமல் இருக்க முடியாது. நானும் சிரித்தேன். ஆனால் அவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் அந்தப் பெண் நின்றுகொண்டிருக்கிறாள், பாப்பா. எல்லோரும் பார்த்துப் பொறாமைப்பட்ட கல்யாணம், மேளம், விருந்து எல்லாம் முடிந்து, இனி ஒத்துவராது என்று தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை கத்தாமல் பேசி அனுப்புகிறாள். ஃபிலிப்பா சூ முகத்தில் அப்போது கோபம் இல்லை, அசிங்கப்பட்டதும் இல்லை. அவள் அடுத்து என்ன செய்கிறாள்? ரொட்டிக்காரர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், அனாதையாகிப்போன சின்னப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்கிறாள். அவளை ஏன் அரண்மனையை விட்டு வந்தாய் என்று அந்தக் காட்டில் ஒருவரும் கேட்பதில்லை. ஊர் என்ன சொல்லும் என்று அழுகிற தாயும் அங்கே இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று நினைப்பாய். சுந்தர் மாமா வீட்டு விசேஷத்தில் உன்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் நல்லாயிருக்கா, நல்லாயிருக்கா என்று சொல்லிவைத்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு வந்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் அப்பாவுக்கும் அவ்வளவு போதாது. நாங்கள் முன்வரிசைக் குடும்பம் இல்லை. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்போம். கடைசி ரயில் போனால் போகட்டும்.

உனக்குப் பேச விருப்பமில்லை என்றால் பேசாதே. ஆனால் ஃபோனை எடு. எடுத்து, "பேசலைம்மா" என்றாவது சொல். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுபோவதைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா கேட்கும்போதெல்லாம் நீ வேலையில் இருக்கிறாய் என்று சொல்கிறேன். அவர் நம்புகிற மாதிரி தலையை ஆட்டுகிறார்.

உன்னைப் பற்றி எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. தனியாக ஒரு ஊரில் வேலை தேடி, வீடு பிடித்து, பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாய். நம் வீட்டில் வேறு எவரும் செய்ததில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே வலி என்றால் வாயை மூடிக்கொள்கிற பழக்கம் உனக்கு. காது குத்தியபோதும் அப்படித்தான், கை உடைந்தபோதும் அப்படித்தான். அது யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை, உன் பாட்டியாகத்தான் இருக்கும். அதை மட்டும் மாற்றிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கதவைத் தாழ் போட்டாயா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்.

அப்பா மார்ச்சில் லீவு போட்டு அங்கே வருகிறேன் என்கிறார். நான்தான் பொறுங்கள் என்று பிடித்துவைத்திருக்கிறேன். உன் அறை இங்கே அப்படியே இருக்கிறது. சமையலறைப் பக்கம் ஒழுகிய கூரையைச் சரிசெய்தாகிவிட்டது. நீ எப்போது வந்தாலும் வரலாம், எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டோம்.

பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் செய்திருக்கிறேன். திங்கட்கிழமை பார்சல் போடப்போகிறேன். எப்போதும் போல மாப்பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு டப்பாவாகப் போடவா, ஒன்று போதுமா? அதற்கு மட்டுமாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு.

அம்மா