உப்புக்காற்றுக்குச் சங்கங்குப்பி வேலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வீட்டுத்தோட்டப் பகுதியில், கடலோர வீடுகளுக்கு வேலியாகக் கோனோகார்ப்பஸ் வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். உப்பைத் தாங்கும் என்பது சரிதான். ஆனால் அந்த வெளிநாட்டு மரத்தை நடக்கூடாது என்று குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் தடை போட்டிருக்கின்றன. அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்.

எங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் சங்கங்குப்பி என்ற புதர்ச்செடி தானாகவே வளர்கிறது. பீச்சங்கு என்றும் சொல்வார்கள். கடல்காற்று நேராக வந்து மோதும் கிழக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அதுதான் வேலி. அக்கம்பக்கத்தில் ஆசையாக வாங்கி வைத்த குரோட்டன்ஸ் எல்லாம் சித்திரை வெயிலில் இலை நுனி கருகி நிற்கும்போது இது பளபளவென்று பச்சையாக இருக்கும். வெள்ளைப் பூ, அதிலிருந்து நீண்டு வெளியே தெரியும் ஊதாச் சிவப்பு மகரந்த இழைகள். அவ்வளவு அழகான பூவை ஏன் யாரும் தொட்டியில்கூட வைப்பதில்லையோ தெரியவில்லை. இலை கசப்பு, கசக்கினால் ஒரு வாடை, அதனால் தெருவில் திரியும் ஆடுகள் வாய் வைப்பதில்லை.

வளர்ப்பதும் சுலபம். பென்சில் கனத்தில் முற்றிய குச்சியாகப் பார்த்து வெட்டி, ஐப்பசி மழையில் ஊன்ற வேண்டும். மண்ணிலுள்ள உப்பை மழை கழுவி இறக்கிவிடுவதால் அப்போது வேர் பிடிப்பது எளிது. பிறகு உப்புக் கிணற்றுத் தண்ணீரே போதும். ஒன்று மட்டும் கவனம்: தரையில் படிந்த கிளை அங்கேயே வேர்விட்டுப் பரவும், அவ்வப்போது கத்தரித்தே ஆக வேண்டும். சித்த மருந்துச் செடிதானே என்று இலையை நீங்களாகவே அரைத்துக் குடிக்கவும் வேண்டாம்.

குச்சிக்காக ஏரிக்கரைப் புதர்களை யாரும் மொட்டையடித்துவிடக் கூடாது, கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை அவை. தடாவில் இருக்கும் என் நாத்தனாருக்கு எங்கள் வேலியில் கத்தரித்த குச்சிகளைத்தான் கொடுத்தேன். விலைக்குக் கேட்டால் நர்சரிக்காரர் "அது காட்டுச்செடிம்மா, யார் வாங்குவாங்க?" என்கிறார். வனத்துறை நாற்றங்கால்கள் இதைப் பையில் வளர்த்துக் கடலோர ஊர்களுக்குக் கொடுத்தால் நாங்கள் வாங்கிக்கொள்வோம். வரும் மழைக்கு முன் உங்கள் தோட்டப் பகுதியில் இதைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பழவேற்காடு