பஞ்சரே ஆகாத டயர் என்று ஒன்று கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில், ஸ்போர்ட்ஸ் காருக்கு ரன்ஃபிளாட் டயர் போட்டுவிட்டால் பஞ்சர் கவலையே இல்லை என்கிற தோரணையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மதுரையில் டயர் கடை நடத்துகிறவன் நான், அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மதுரையில் ஸ்போர்ட்ஸ் காரா என்று சிரிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ரிங் ரோட்டில் நின்று பாருங்கள், போர்ஷேவும் போகும், மஸ்டாங்கும் போகும், கைமாறிக் கைமாறி வந்த பழைய பிஎம்டபிள்யூ இசட்4-ம் போகும். திங்கட்கிழமை அதில் ஒன்றாவது ஏதாவது ஒரு டயர் கடையில் நிற்கும்.

ரன்ஃபிளாட்டும் பஞ்சர் ஆகத்தான் செய்யும். அதன் சைடுவாலை, அதாவது டயரின் பக்கச்சுவரைத் தடிமனாக்கி வைத்திருப்பதால், காற்று முழுவதும் போனாலும் டயர் சப்பென்று உட்காராமல் வண்டியின் எடையைத் தாங்குகிறது, அவ்வளவுதான் சங்கதி. அந்த நிலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பதுதான் பொதுவாகக் கம்பெனிகள் தரும் கணக்கு. இந்தக் கணக்கை நம் ஊர் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். திண்டுக்கல்லில் பஞ்சர் ஆனால் மதுரை வந்துவிடலாம். தேனியிலிருந்து கிளம்பினால் உசிலம்பட்டி, செக்கானூரணி வழியாக இழுத்துப் பிடித்து வந்து சேரலாம், அதுவும் தட்டுத்தடுமாறித்தான். ராமேஸ்வரத்திலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ முடியாது. கொடைக்கானல் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எடை முழுக்க ஒரு பக்க டயரில் விழும்போது அந்த 80 கிலோமீட்டர் என்ன ஆகும் என்பதைக் கட்டுரை எழுதியவர் யோசித்தாரா தெரியவில்லை.

சரி, எப்படியோ மதுரை வந்து சேர்ந்தாயிற்று. அப்புறம்? அந்த அளவில், அந்த மாடலில் டயர் எந்தக் கடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது? அளவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம், இப்போது ஓடும் போர்ஷே 911 கரேரா எஸ்ஸுக்கு முன்னால் 245/35 இருபது இஞ்ச், பின்னால் 305/30 இருபத்தோரு இஞ்ச். இதையெல்லாம் எந்த டயர் கடைக்காரனும் இருப்பு வைத்துக் காசை முடக்க மாட்டான், நானும்தான். சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ பார்சலில் வர வேண்டும், அதுவரை வண்டி ஷெட்டில்தான். சாதாரண டயரை ஒட்டிவிட்டு அன்று மாலையே அனுப்பிவிடலாம், காற்றில்லாமல் ஓடி வந்த ரன்ஃபிளாட்டை ஒட்டித் தருவதற்கு என் கை வராது. ஏன் என்று டயரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியே பார்த்தால் ஒரு கீறல் இருக்காது, பட்டன், அதாவது ரோட்டில் படுகிற வெட்டு வரிகள், எல்லாம் புதுசு மாதிரி நிற்கும். டிஸ்க்கிலிருந்து, அதாவது சக்கரத்தின் ரிம்மிலிருந்து பிரித்து உள்ளே டார்ச் அடித்தால், சைடுவாலைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி ரப்பர் தேய்ந்து, அடியில் காப்பிப் பொடி கொட்டினது போலக் கறுப்புத் தூள் குவிந்திருக்கும். விரல் வைத்தால் அந்த இடம் மெத்தென்று அமுங்கும். அதை ஒட்டிப் போட்டு ஒருவர் நூற்றைம்பதில் போனால் யார் பொறுப்பு? காற்று முழுக்கப் போகும் முன்பே பார்த்து நிறுத்தியிருந்தால் ஒட்டலாம் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன, ஒட்டவே கூடாது, மாற்று என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. ஆக, ரன்ஃபிளாட் வைத்திருப்பவர் ஒரு ஆணிக்கு ஒரு டயர் விலை கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். பின் டயர் பாதி தேய்ந்திருந்தால், ஜோடி சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு டயர் விலை.

இன்னொன்று. ரன்ஃபிளாட் அவ்வளவு உத்தமம் என்றால், அதை உலகம் முழுக்கப் பரப்பிய பிஎம்டபிள்யூ தன் எம்3, எம்4 என்ற ஸ்போர்ட்ஸ் வண்டிகளுக்கு ஏன் அதைப் போடவில்லை? சாதாரண டயரும், பஞ்சர் அடைக்கும் திரவ பாட்டிலும், சின்ன கம்ப்ரஸருமாகத்தான் கொடுக்கிறது. போர்ஷே 911-லும் அதே ஏற்பாடுதான். தடித்த சைடுவால் என்றால் எடை கூடும், சின்னப் பள்ளமும் இடுப்பில் வந்து இடிக்கும், திருப்பும்போது ஸ்டீயரிங் சொல்கிற சேதியும் கொஞ்சம் மங்கும். அதே சமயம் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், அமெரிக்கக் காரான கார்வெட் 1997-ல் வந்த சி5 மாடலிலேயே ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு ரன்ஃபிளாட்டுக்கு மாறியது, இன்றைய சி8 வரை அதிலேயே ஓடுகிறது, அதை ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சஸ்பென்ஷனை முதலிலிருந்தே அந்த டயருக்கென்று வடிவமைத்தால் குறை பெருமளவு தெரியாது. சாதாரண டயருக்கென்று வந்த வண்டியில், கட்டுரையைப் படித்துவிட்டு ரன்ஃபிளாட் மாட்டுகிறவர்தான் அவதிப்படுவார். காற்றழுத்தம் காட்டும் சென்சார் இல்லாத வண்டி என்றால் அதைத் தொடவே கூடாது. காற்று போனதே தெரியாமல் நூற்றிருபதில் போய்க்கொண்டிருப்பார், டயர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். நான்கில் இரண்டு ரன்ஃபிளாட், இரண்டு சாதாரணம் என்று கலந்து போடச் சொல்லி வருகிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் சைடுவாலைப் படித்துப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி குறி வேறு. மிஷலின் என்றால் 'இசட்பி', பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் 'ஆர்எஃப்டி', குட்இயர் 'ஆர்ஓஎஃப்', கான்டினென்டல் 'எஸ்எஸ்ஆர்' என்று அச்சடித்திருக்கும். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், அது தயாரான வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மாதம் இரண்டு முறை மட்டும் வெளியே வருகிற வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர் கிழடாகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இந்தப் பக்கம் வரும் பஞ்சர்களில் பாதி வண்டிக்காரரின் தவறே இல்லை. மேலூர் பக்கம் போனால் கிரானைட் லாரிகள் சிந்திய சில்லு, கப்பலூர் பக்கம் பட்டறைக் கம்பித் துண்டு, ராமநாதபுரம் ரோட்டில் ஓரம் ஒதுங்கினால் சீமைக் கருவேல முள். இந்த முள்தான் பெரிய எமன். ஊசி மாதிரி உள்ளே போய் நுனி ஒடிந்து தங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, தினமும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்போர்ட்ஸ் டயரின் ரப்பர் மென்மையானது, ரோட்டைப் பிடிப்பதோடு ரோட்டில் கிடப்பதையும் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி ஒரே டயரில் மட்டும் காற்று குறைந்தால் வால்வு முடியைக் குறை சொல்லாமல் டயரைக் கழற்றி உள்பக்கம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், மெதுவாகத் தடவச் சொல்லுங்கள், கை கிழிந்துவிடும்.

வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்பதற்குக் கட்டுரையில் இரண்டே வரி. நான்கு வழிச்சாலையில் காற்று இறங்குவது தெரிந்தால் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், பாலத்தின் மேல் நிறுத்தவே கூடாது. சாதாரண டயர் என்றால் அதற்கு மேல் ஒரு பர்லாங்கு கூட உருட்டாதீர்கள். டயர் அளவில் 35, 30 என்று வரும் அந்த ஒல்லி சைடுவால் டிஸ்க்குக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கினால், ஐந்நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பஞ்சர் புது டயர் செலவில் வந்து நிற்கும். ஆணி குத்தியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் பிடுங்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை, கையில் ஆணியோடு கடைக்கு வருகிறார்கள், வண்டி ரோட்டில் நிற்கிறது. ஆணி இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் போகும், கம்ப்ரஸரில் காற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அடுத்த கடை வரை வந்துவிடலாம்.

திரவ பாட்டில் கடைசி வழியாக இருக்கட்டும். சுமார் 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டையை, அதுவும் பட்டன் பகுதியில் இருந்தால் மட்டும்தான் அது அடைக்கும், சைடுவால் கிழிந்தால் பாட்டிலை ஊற்றுவது வீண். ஊற்றிய பிறகு 80-க்கு மேல் போகக் கூடாது, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி காற்றைப் பார்க்க வேண்டும். அப்புறம் அந்தப் பசையைக் கழுவித்தான் நாங்கள் ஒட்ட வேண்டும், சில சமயம் சென்சார் ஓட்டையும் அடைத்துக்கொள்ளும். கடைக்கு வந்ததும் "பாட்டில் ஊற்றியிருக்கேண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் டயரைப் பிரிக்கிற பையன் சட்டை முழுக்க அந்தப் பால்தான்.

நிரந்தரமாக ஒட்டுவதற்கு வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகுவது மட்டும் போதாது. அது ஊர் போய்ச் சேர உதவும். இந்த வேகத்துக்கான டயரை டிஸ்க்கிலிருந்து கழற்றி, உள்ளே பார்த்து, காளான் வடிவ ஒட்டு போட வேண்டும். ரோட்டோரம் லிவர் போட்டு நெம்புகிற கடையில் கொடுக்காதீர்கள், அலாய் வீலும் கீறும், வால்வோடு இருக்கும் சென்சாரும் உடையும், அந்தத் தம்பியைத் திட்டியும் பிரயோஜனம் இல்லை, அவரிடம் அந்த மெஷின் கிடையாது. ஜாக்கி போடும் இடமும் முக்கியம். இந்த வண்டிகள் தரையோடு தரையாக இருப்பதால் சாதாரண ஜாக்கி அடியில் நுழையாது, பலகை வைத்து ஏற்றித்தான் போட வேண்டும், கம்பெனி குறித்த இடம் தவறினால் பாடி நெளியும். வீல் போல்ட்டுக்கு லாக் இருந்தால் அதன் சாவி எங்கே என்று இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கி பாயைத் தூக்கினால் இருக்கும், இல்லையென்றால் பழைய ஓனர் வீட்டில் இருக்கும்.

ஸ்டெப்னி எங்கே என்று கேட்டு ஷோரூமில் சண்டை போடுகிறவர்களும் உண்டு. டியூப்லெஸ் டயரும் காற்றழுத்த சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் காரில் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசே மோட்டார் வாகன விதியைத் திருத்திவிட்டது. தவிர, முன்னும் பின்னும் வேறு வேறு அளவு இருக்கும் வண்டியில் எந்த அளவு ஸ்டெப்னியை வைப்பது? அதனால் சண்டை வேண்டாம், வேறு கேள்வி கேளுங்கள். வழியில் நின்றால் தூக்க வருகிற வண்டி படுக்கைத் தளம் கொண்டதா, இல்லை முன் சக்கரத்தைக் கொக்கியில் மாட்டி இழுக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். இரவில் தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், உதவிக்கு ஆள் வரும், ஆனால் வருகிற வண்டி தரையோடு ஒட்டிய காரைத் தூக்கத் தோதானதா என்பதை நீங்கள்தான் போனிலேயே சொல்லிக் கேட்க வேண்டும். இன்ஷூரன்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை: சாதாரண பாலிசியில் டயர் மட்டும் போனால் பைசா வராது, அதே விபத்தில் வண்டிக்கும் அடிபட்டிருந்தால்தான் டயர் விலையில் பாதி. டயருக்குத் தனி கவர் எடுத்தால் உண்டு.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, நம் தென்மாவட்ட ரோட்டுக்கு சாதாரண டயர், நல்ல கம்ப்ரஸர், ஒரு திரி கிட், கொஞ்சம் கைப்பழக்கம். இதற்கு ஒரே விலக்கு வைத்திருக்கிறேன். ராத்திரி தனியாகவோ, வயசான அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டோ திருச்சி ரோட்டில் துவரங்குறிச்சி பக்கம் அடிக்கடி போகிறவர், வண்டியும் ரன்ஃபிளாட்டோடு வந்தது என்றால், அதை மாற்றச் சொல்ல மாட்டேன். இருட்டில் இறங்கி நிற்காமல் வெளிச்சமான இடம் வரை போக முடிவதற்கு விலை உண்டு, கொடுத்துவிட்டுப் போகட்டும். கொடைக்கானலுக்கு ஓட்டும் சுகத்துக்காகப் போகிறவருக்கு அந்த விலை வீண். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு சர்வீஸ் சென்டரில், ஒரு டயரில் ஆணி குத்தியதற்கு நான்கையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மற்ற மூன்றிலும் பட்டன் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. பட்டனின் ஆழம் அளக்கிற குச்சி விலை நூற்றுச் சொச்சம்தான், ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொண்டு போனால் எஸ்டிமேட் தானாகச் சுருங்கும்.

அடுத்த வாகனப் பக்கத்தில் திரவ பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையாவது பெரிய எழுத்தில் போடுங்கள். வண்டியோடு வந்த பாட்டிலை யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை, சித்திரை வெயிலில் டிக்கிக்குள் கிடந்து கெட்டியாகிப் போனதைத்தான் நான் வாரி வெளியே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டயர் கடைக்காரர்,
மதுரை.