போட்டோல ஆளே காணோம்

பாப்பா,

வாட்ஸப்ல எழுதினா நீ ஒரு தம்ஸ் அப் போட்டு முடிச்சிருவ, அதான் மெயில். நிதானமா படி. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மா கால் இப்ப பரவாயில்ல, தம்பியோட அந்த விஷயம் இன்னும் முடியல, அவன்கிட்ட நீ எதுவும் கேக்காத, அவனே சொல்லுவான்.

நேத்து ராத்திரி தூக்கம் வரல, நீ கிளம்பினதுல இருந்து அனுப்பின போட்டோ எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பாத்துட்டு இருந்தேன். எவ்வளவு மனுஷங்க! தஜிகிஸ்தான் போய் இறங்கினதும் துஷான்பே ஹாஸ்டல்ல உனக்கு ரஷ்ய எழுத்து சொல்லிக் குடுத்த அந்த அக்கா, செக்போஸ்ட்ல உன் பேர நோட்டுல எழுதத் தெரியாம முழிச்ச சிப்பாய் பையன், அப்புறம் வாகான் பள்ளத்தாக்கு பக்கம் அந்த பாட்டி. அஞ்சு தூண் வெச்ச வீடு, கூரை நடுவுல ஒண்ணுக்குள்ள ஒண்ணா நாலு சதுரம், அது வழியா வெளிச்சம் நேரா கீழ விழுதுன்னு படுத்துக்கிட்டே வீடியோ எடுத்து அனுப்பினியே. அந்த பாட்டி உன் சாக்ஸ்ல ஓட்டையப் பாத்துட்டு கால்ல இருந்தே உருவி, இருந்த சிவப்பு நூலப் போட்டு தெச்சுக் குடுத்துச்சுன்னு சொன்ன, ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை கூட புரியலன்னாலும் ராத்திரி பூரா சிரிச்சோம்னு சொன்ன. அத நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. ஒத்தையா அனுப்பிட்டீங்களேன்னு கேக்கறவங்க வாய அடைக்க எனக்கு அந்த சாக்ஸ் கதை ஒண்ணு போதும், அவ எங்க ஒத்தையா இருக்கான்னு கேப்பேன்.

மலை மேல அந்த முர்காப் ஊருக்கு அப்புறம் வந்த போட்டோல ஒரு ஆள் கூட இல்ல பாப்பா. மலை, ஏரி, ரோடு, மறுபடி மலை. கிர்கிஸ்தான்ல ஓஷ் வந்தும் ஜன்னல்ல இருந்து எடுத்த ஒரே ஒரு போட்டோ. அவ்வளவு பெரிய பஜார் இருக்கற ஊரு, நீ போகாம இருப்பியா?

கேட்டா தலைவலின்னு சொல்ற. சரி, நானும் படிச்சுப் பாத்தேன். நீ ஜீப் ஏறின காரோக் 2100 மீட்டர் சொச்சம், முர்காப் 3600. ஒரே நாள்ல அவ்வளவு ஏறினா தலைவலி வரத்தான் செய்யும், 3000க்கு மேல போயிட்டா படுக்கற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாதுன்னு போட்டிருக்கு, நீ எங்க கேட்ட. அதுக்கப்புறம் அக்-பைத்தால் கணவாய் வேற, 4655 மீட்டர். ஆனா உயரத்துனால வந்த தலைவலி கீழ இறங்கினா விட்டுரும்னும் அதே எடத்துலதான் போட்டிருக்கு. ஓஷ் 1000 மீட்டர்தான் இருக்கும். நீ அங்க போய் ரொம்ப நாளாச்சு. அப்ப அது என்ன தலைவலி? நல்லா தண்ணி குடி. தூங்கு. டாக்டர்ட்ட போகணும்னா போ, காசு பாக்காத.

ரோடு அங்க எப்படி? காரோக்ல இருந்து முர்காப் 300 கிலோமீட்டருக்கு மேல, பாதி எடத்துல தாரே இல்லன்னு சொல்றாங்க. ஷேர் ஜீப்ல போறேன், சீட் நிறைஞ்சாதான் கிளம்புவாங்க, காலையில இருந்து வெயிட் பண்றேன்னு மெசேஜ் போட்டிருந்த. அப்புறம் ராத்திரிதான் அடுத்தது வந்து சேந்துச்சு, "அலிச்சூர்ல எல்லாரும் இறங்கிட்டாங்க, இப்ப நான் மட்டும்தான், இன்னும் நூறு கிலோமீட்டர் இருக்கு"ன்னு. அதோட சரி. மறுநாள் "வந்துட்டேன்"னு ஒரே வார்த்தை. வழியில ஒரு கழுதையப் பாத்தாலும் அதுக்குப் பேர் வெச்சு எழுதறவ நீ. அந்த வண்டியப் பத்தி, வண்டி எப்படி இருந்துச்சு, நடுவுல நின்னுச்சா, ஒண்ணுமே எழுதல. நானும் கேக்கல. ரோடு மோசமா இருந்திருக்கும், அலுப்பா இருந்திருக்கும்.

ஷேர் வண்டில முன் சீட்டுல உக்காராத, பின்னாடி பொம்பளைங்க பக்கத்துல உக்காருன்னு கிளம்பும்போதே சொன்னேன். கடைசில நீ மட்டும் மிச்சம்னா நீயும் அங்கயே இறங்கிரு, ராத்திரி தங்கிட்டு மறுநாள் போனா யாரும் உன்ன கேள்வி கேக்கப் போறதில்ல. இனிமேலுக்கு சொல்றேன். யார் வீட்டுலயாவது போய் தங்கறதா இருந்தா பொண்ணுங்க எழுதின ரெவ்யூவ மட்டும் படி. அதுலயும் பளிச்சுனு புகழ்ந்து எழுதினத நம்பாத, பதிலுக்கு நமக்கு எதையாவது எழுதிருவாங்களோன்னு நிறைய பேர் நல்லதாவே எழுதி வெச்சிட்டுப் போயிடறாங்க. பாஸ்போர்ட்ட பேக்ல வைக்காத, இடுப்புல வை. நாய் கடிச்சா சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அப்புறமா அழு, ஊசி ஊர்ல போட்டுக்கலாம்னு தள்ளிப் போடாத. தங்கற எடத்தோட பேர அனுப்பு. வண்டில ஏறினா முன் சீட்டு வேண்டாம்.

உன்ன திரும்பி வான்னு நான் சொல்லல. நானே சொல்ல மாட்டேன், சொன்னா உங்க அம்மா ஜெயிச்ச மாதிரி ஆயிரும். நீ ஸ்கூல்ல படிக்கும்போது இபன் பதூதா கதைய திரும்பத் திரும்ப சொல்லச் சொல்லுவ, 1325ல 21 வயசுல மொராக்கோல இருந்து தனியா ஊர் சுத்தக் கிளம்பினவன். அதுல ஒரு எடத்த நான் எப்பவும் தாண்டிருவேன். 1348ல டமாஸ்கஸ் வந்தப்பதான் அப்பா செத்து 15 வருஷம் ஆச்சுன்னே அவனுக்குத் தெரியும். அடுத்த வருஷம் ஊருக்குப் போறான், அதுக்குள்ள அம்மாவும் போயிட்டாங்க. பயப்படாத, எங்களுக்கு ஒண்ணும் இல்ல, சுகர் கூட கண்ட்ரோல்ல இருக்கு. ஆனா அவன்கிட்ட போன் இல்ல. உன்கிட்ட இருக்கு, ப்ளூ டிக்கும் விழுது.

பென்சில் பாக்ஸ் ஞாபகம் இருக்கா? ஸ்கூல் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி "அப்பா, பென்சில் பாக்ஸ மறந்துட்டேன்"னு சொல்லுவ, நான் ஏன்னு கேக்காம வண்டிய எடுத்துட்டு வந்துருவேன், வீட்டுக்கு வந்தும் கேக்க மாட்டேன். அது இப்பவும் செல்லும். ஓஷுக்கு பிளைட் எது எதுன்னு சும்மா பாத்து வெச்சிருக்கேன், அம்மாகிட்ட ஆபீஸ் வேலைன்னு சொல்லிக்கலாம். நான் வந்தா உன் டிரிப் கெட்டுப் போயிரும்னு நினைக்காத, ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருவேன், நீ மேல சொங்-குல் ஏரிக்கோ எங்கயோ போ. கூட வரக்கூட மாட்டேன், அந்த குளிர் எனக்கு ஆகாது.

பச்சை ஸ்வெட்டர் பத்தலன்னா அங்கயே ஒண்ணு வாங்கிக்கோ. அக்கவுண்ட்ல போட்டிருக்கேன், பாத்தியா இல்லையான்னு சொல்லு.

அப்புறம் அந்த ஜீப் நம்பர் உன்கிட்ட இருந்தா அனுப்பு. போட்டோ கீட்டோ எடுத்திருந்தாலும் பரவாயில்ல. சும்மாதான் கேக்கறேன்.

அப்பா