நூலகம் பற்றி நீ எழுதிய ஒரு வரி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். போர்கள், வெறுப்புப் பேச்சு, விலைக்கு வாங்கப்படும் அரசியல், வேலையில்லாத இளைஞர்கள், எதையும் நம்ப முடியாத செய்திகள் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இரவில் உறக்கம் வரவில்லை என்றும், நம்மைப் போன்றவர்கள் இதில் என்ன செய்துவிட முடியும் என்றும் கேட்டு முடித்திருந்தாய். இவற்றுக்கு நடுவே, நீ குடியிருக்கும் பகுதியின் பொது நூலகத்தை இப்போது மாலை ஐந்து மணிக்கே மூடிவிடுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. வேலை முடிந்து வருபவர்களும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் இனி அங்கே போக முடியாது என்று அதோடு சேர்த்து எழுதியிருந்தாய். அதை நீ பெரிதாக எண்ணி எழுதவில்லை என்பது தெரிகிறது. எனக்கோ, கடிதத்தை மடித்து வைத்த பிறகும் அந்த வரிதான் மனத்தில் நின்றது.

நான் 31 ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில், மக்கள் கொடுக்கும் மனுக்களை வாங்கிப் பதிவு செய்யும் பிரிவில் வேலை பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும். அங்கே நடந்த ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பணியில் இருக்கும்போதே கணவரை இழந்த ஒரு பெண்மணி, குடும்ப ஓய்வூதியத்துக்காக மாதந்தோறும் வந்துகொண்டிருந்தார். அவருடைய கோப்பு எங்கள் பிரிவிலேயே ஓராண்டுக்கு மேல் கிடந்தது. ஒரு சான்றிதழில் இருந்த தேதியில் யாருக்கோ சந்தேகம், அதைத் தீர்த்துக் கையெழுத்திட யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான் காரணம். பிரிவில் இருந்த ஒன்பது பேருக்கும் இது தெரியும். மூத்தவர்களே பேசாமல் இருக்கிறார்கள் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று நான் எண்ணினேன். பெண்கள் இருவரும் அந்தம்மாவோடு அன்பாகப் பேசுகிறார்களே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மூத்தவர்கள் எண்ணியிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் வாராந்தரக் கூட்டத்தில் எழுந்து, “இந்தக் கோப்பு ஏன் இங்கேயே இருக்கிறது?” என்று கேட்டார். நான்காம் நாள் ஆணை போய்விட்டது. அந்தப் பெண்மணி வந்து எனக்கு நன்றி சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஓராண்டாக நான் வாயைத் திறந்திருந்தாலும் அதே நான்கு நாள்தான் ஆகியிருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து, 1968இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்தது. மாணவர்களை ஓர் அறையில் அமர்த்திப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த துளை வழியாகப் புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் வெளியே வந்து சொன்னார்கள். ஆய்வாளர்களின் சொற்படி எதையும் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டிருந்த இருவரோடு அமர்த்தப்பட்டவர்களிலோ, பத்தில் ஒருவர்தான் எழுந்து போய்ச் சொன்னார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பக்கத்தில் இருப்பவரின் அமைதியைப் பார்த்து ஆபத்து இல்லை என்று முடிவு செய்தவர்கள். எங்கள் பிரிவில் இருந்த ஒன்பது பேரும் அப்படித்தான் அமர்ந்திருந்தோம். நாட்டில் நடக்கும் பல கொடுமைகளுக்குத் தீயவர்களின் வலிமையைவிட இந்த அமைதிதான் அதிகம் துணை நிற்கிறது என்று நான் நம்புகிறேன். ஆகவே உன் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்: கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பற்றி, நாலு பேர் இருக்கும் இடத்தில், மரியாதையாக, வாய்விட்டுக் கேள்.

அந்த இளைஞர் கேட்ட கேள்வியில் கோபம் இல்லை என்பதையும் கவனி. ஒரு கோப்பைக் காட்டிக் கேட்டார். அதனால் பதில் சொல்லியே தீர வேண்டியிருந்தது. மனுக்களை வாங்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். “எல்லாம் சீரழிந்துவிட்டது, அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்று மூன்று பக்கம் எழுதி வருகிற மனுவை நாங்கள் படித்துவிட்டுக் கட்டி வைத்துவிடுவோம். அதற்கு என்ன பதில் எழுதுவது என்றே எங்களுக்குத் தெரியாது. இன்ன தேதியில் இன்ன ஆணையால் இது மாற்றப்பட்டது, இதனால் இத்தனை பேர் இப்படிப் பாதிக்கப்படுகிறோம், இதை இப்படிச் செய்து தரக் கேட்கிறோம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, பத்துப் பேர் கையெழுத்திட்டு, ஒப்புகைச் சீட்டும் கேட்டு வாங்கிப் போகிற மனுவை எந்த அதிகாரியாலும் எளிதில் ஒதுக்க முடியாது. அதிலும் முப்பதாம் நாள் அந்தச் சீட்டின் எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் கடிதம் வந்தால், பிரிவே சுறுசுறுப்பாகிவிடும். இரண்டாம் கடிதம் எழுதுபவர்கள் மிகக் குறைவு. மூன்றாவது எழுதுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலை நடப்பது பெரும்பாலும் அந்த மூன்றாம் கடிதத்தில்தான்.

அரசின் தாள்களைக் கேட்டு வாங்கும் உரிமைகூடச் சாதாரண மக்கள் போராடிப் பெற்றதுதான். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைச் சேர்ந்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களும், 1994 முதல் ஊர் ஊராகப் பொது விசாரணைக் கூட்டங்களை நடத்தினார்கள். ஊராட்சி வேலைகளின் கூலிப் பட்டியல்களையும் ரசீதுகளையும் மக்கள் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். படிக்கப் படிக்க, இறந்துபோனவர்களின் பெயரில் கூலி கொடுத்ததாக எழுதியிருப்பதும், கட்டப்படாத கட்டடத்துக்குப் பணம் போயிருப்பதும் வெளியே வந்தன. வந்திருந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்; ஆனால் அந்த வேலைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தொடர்ந்து அமர்ந்து போராடினார்கள். மத்திய அரசின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படிப்பட்ட சட்டங்கள் இருக்கின்றன. நீ இருக்கும் இடத்தில் அதற்கு என்ன பெயர், எந்தப் படிவம் என்று பார்.

ஒரு கடிதம் எழுதி நூலகத்தைத் திறக்க வைப்பது எங்கே, போரையும் வெறுப்பையும் நிறுத்துவது எங்கே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். அதற்குத் தாமஸ் கிளார்க்சன் என்பவரின் கதையைச் சொல்ல வேண்டும்.

1785இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லத்தீன் கட்டுரைப் போட்டி ஒன்று நடந்தது. மனிதரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது முறையா என்பது தலைப்பு. பரிசு வாங்க வேண்டும் என்ற ஆசையில்தான் கிளார்க்சன் எழுதினார், பரிசும் கிடைத்தது. ஆனால் எழுதுவதற்காகப் படித்தவை அவரை விடவில்லை. லண்டனுக்குக் குதிரையில் போகும் வழியில் இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்து, நான் எழுதியவை உண்மையென்றால் யாராவது ஒருவர் இந்தக் கொடுமைகளுக்கு முடிவு கட்டியாக வேண்டுமே என்று எண்ணினாராம். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நீ கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டிருப்பார். 1787 மே மாதத்தில் லண்டனில் ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு பேர் கூடி, அடிமை வணிகத்தை ஒழிக்க ஒரு குழுவை அமைத்தார்கள். அடிமை வணிகத்தால் துறைமுகங்களும் வங்கிகளும் கொழித்துக்கொண்டிருந்த நாட்டில், பன்னிரண்டு பேர்!

கிளார்க்சன் மேடையேறி முழங்குவதிலிருந்து தொடங்கவில்லை. துறைமுகம் துறைமுகமாகப் போய் மாலுமிகளிடம் பேசி எழுதிக்கொண்டார். லிவர்பூல் கடைகளில் விற்ற கைவிலங்குகளையும் விரல் நசுக்கும் திருகுகளையும் வாங்கி வந்து மக்கள் முன் வைத்தார். ஒரு கப்பலின் அடித்தளத்தில் மனிதர்கள் எப்படி அடுக்கப்பட்டார்கள் என்று காட்டும் படத்தைக் குழு அச்சிட்டுப் பரப்பியது. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்குவியானோ தன் வாழ்க்கையைத் தானே எழுதி, ஊர் ஊராகச் சென்று பேசினார். துன்பப்பட்டவரின் சொந்தக் குரலுக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. 1791இல் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடுக்கும் மசோதாவைத் தோற்கடித்தபோது, அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்குவதில்லை என்று லட்சக்கணக்கான மக்கள் முடிவெடுத்தார்கள். வாக்குரிமையே இல்லாத பெண்களின் கையில் இருந்த ஆயுதம் அது. மறு ஆண்டு 500க்கும் மேற்பட்ட மனுக்கள் நாடாளுமன்றத்துக்குப் போயின. அப்படியும் அடிமை வணிகத்தைத் தடை செய்யும் சட்டம் 1807இல்தான் வந்தது. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. அதற்குள் ஹைட்டியிலும் ஜமைக்காவிலும் அடிமைகளே எழுந்து போராடி, தாங்கள் காத்திருக்கப் போவதில்லை என்று காட்டியிருந்தார்கள். கட்டுரை எழுதிய ஆண்டிலிருந்து கணக்குப் போட்டால் 48 ஆண்டுகள். நடுவில் உடல் நலம் கெட்டு, கையிருப்பும் கரைந்து, சில ஆண்டுகள் கிளார்க்சன் ஒதுங்கியும் இருந்தார். பிறகு திரும்பி வந்தார். களைத்துப் போனால் ஒதுங்கி இளைப்பாறுவதில் தவறில்லை என்பதை அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியான ரோசா பார்க்ஸ் அம்மையாரைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு நாள் களைப்பில், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார் என்று பலரும் சொல்கிறார்கள். அவர் 1943 முதலே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் செயலாளராக வேலை செய்தவர். 1955 டிசம்பரில் அவர் கைதானபோது, துண்டறிக்கை அச்சிட ஆசிரியைகள் ஆயத்தமாக இருந்தார்கள். பேருந்தைப் புறக்கணித்தவர்களை ஏற்றிச் செல்லச் சொந்த வண்டிகளைத் தர ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் அவருடைய ஊரான மாண்ட்கோமரியில் அந்தப் புறக்கணிப்பு 381 நாள் தாக்குப்பிடிக்க முடிந்தது. முன்பே ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். நூலகத்துக்காக நீ நாலு பேரைச் சேர்த்தால், நாளை பெரிய தீமை ஒன்று வரும்போது யார் கதவைத் தட்டுவது என்று உனக்குத் தெரிந்திருக்கும். சின்ன வேலையின் பெரிய பயன் எனக்கு இதுதான் என்று தோன்றுகிறது.

தேர்தலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2008இல் ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில், காங்கிரஸ் கட்சியின் மாநிலத் தலைவராக இருந்த சி. பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார் என்பது போதும். உள்ளாட்சித் தேர்தலை மட்டும் விட்டுவிடாதே. நூலக நேரம் போன்றவை முடிவாவது அங்கேதான்.

இன்னொன்று, எனக்கே கடினமாக இருப்பது. நம் உறவினர்களிலேயே சிலர், இன்னாரால்தான் நாடு கெட்டது என்று ஒரு கூட்டத்தையே பழிக்கும் செய்திகளை நாள்தோறும் அனுப்புகிறார்கள். நீ அவர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். முன்பு நானும் எல்லோரும் பார்க்கும் குழுவிலேயே அது பொய் என்று எழுதினேன்; அவர்கள் பிடிவாதம் கூடியதுதான் மிச்சம். இப்போது தனியாகத் தொலைபேசியில் அழைத்து, இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது, உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்கிறேன். பிறகு அவர்கள் சொல்வதை முழுமையாகக் கேட்கிறேன். ஒருவர், மகனுக்கு மூன்றாண்டாக வேலை கிடைக்காத வேதனையைப் பேசி அழுதுவிட்டார். அவருடைய கோபம் எங்கே பிறந்தது என்று அன்றுதான் புரிந்தது. அவர் கருத்து மாறிவிடவில்லை. ஆனால் அந்த மாதிரிச் செய்திகளை அனுப்புவது குறைந்திருக்கிறது. நானும், உறுதியாகத் தெரியாத எதையும், நமக்குச் சாதகமான செய்தியாக இருந்தாலும், அடுத்தவருக்கு அனுப்புவதில்லை.

செய்தி பார்ப்பதைக் குறைத்துக்கொள் என்று சொன்னால் நீ கோபப்படுவாய். ஆனாலும் சொல்கிறேன். இரவு இரண்டு மணி வரை படித்துப் பதைப்பதால் துன்பப்படும் எவருக்கும் ஒரு பிடி நன்மையும் போய்ச் சேர்வதில்லை. மறுநாள் ஒரு கூட்டத்துக்குப் போகும் தெம்பு உன்னிடமிருந்துதான் போய்விடுகிறது. காலையில் அரை மணி நேரம் படி. மீதி நேரத்தை வாரத்தில் ஒரு மாலையாகச் சேர்த்து, ஒரே ஒரு காரியத்துக்குக் கொடு. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் எதுவும் கைகூடாது என்பதை எத்தனையோ நல்ல மனிதர்கள் மேசைக்கு முன் வந்து நின்றபோது பார்த்திருக்கிறேன்.

நூலகத்துக்கு வருகிறேன். நேரத்தைக் குறைத்தது யார், எந்தக் கூட்டத்தில், என்ன காரணம் சொல்லி என்று முதலில் கேட்டு எழுது. பணமில்லை என்பது காரணமானால், குறைத்த அந்த நேரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேள். அங்கே வேலை பார்ப்பவர்களிடமும் பேசு. அவர்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், அவர்கள்மீது பழி விழாதபடி எழுத வேண்டும். மாலை ஆறு மணிக்கு மூடிய கதவுக்கு வெளியே ஒரு வாரம் நின்று, வந்து திரும்பிப் போகிறவர்களை எண்ணிக் குறித்துக்கொள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனியாக எழுது. உன்னோடு ஒரே மேசையில் அமர்ந்து நாளிதழ் படிப்பார் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பெரியவர் இப்போது மாலையில் எங்கே போகிறார்? அவரிடம்தான் முதல் கையெழுத்தைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். மனுவை எழுதியதும், கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு படி அனுப்பு, திருத்தித் தருகிறேன். ஒப்புகைச் சீட்டை மட்டும் வாங்காமல் வந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா