கலெக்டர் ஐயாவுக்கு, செவ்வாய் வியாழன் சனி காலை ஷிப்ட் டயாலிசிஸ்காரன் எழுதுறது

மதிப்பிற்குரிய கலெக்டர் ஐயாவுக்கும், சுகாதாரத்துறை இணை இயக்குநர் அம்மாவுக்கும் வணக்கம்.

டயாலிசிஸ் விஷயமா மூணு தடவ மனு குடுத்தாச்சு. முதல் ரெண்டுக்கு "பரிசீலனையில் உள்ளது"ன்னு மெசேஜ் வந்துச்சு, மூணாவதுக்கு அதுவும் வரல. அதான் பொதுவுல எழுதுறேன், கோச்சுக்காதீங்க.

ஆஸ்பத்திரிய கொரோனா ஆஸ்பத்திரியா மாத்துனது, டயாலிசிஸ் யூனிட்ட பின்பக்கம் தள்ளுனது, மூணு ஷிப்ட் ரெண்டானது, ஸ்டாஃப்ல பாதிப்பேருக்கு பாசிட்டிவ் ஆனது, எல்லாம் உங்களுக்கே தெரியும். அதுல எதையும் நான் குத்தம் சொல்ல வரல. யூனிட்ல இருக்குற சிஸ்டர்ங்கள பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசுனா டயாலிசிஸ் ஊசி குத்த என் கையில ஆபரேஷன் பண்ணி சேத்த ரத்தக்குழாய், அந்த ஃபிஸ்டுலாவே நின்னு போயிரும். மே மாச வெயில்ல பிபிஇ டிரெஸ்ஸுக்குள்ள வேர்த்து ஊத்த ஊத்த ஊசி குத்துனவங்க அவங்க.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். டயாலிசிஸுக்கு வர்ற ஆளை கொரோனா நெகட்டிவ் சர்ட்டிபிகேட் இல்லன்னு கேட்டோட திருப்பி அனுப்பாதீங்க. சந்தேகமா இருந்தா ஒரு மெஷின தனியா ஒதுக்கி கடைசி ஷிப்ட்ல போடுங்க, அவ்வளவுதான்.

போன வாரம் நடந்தத சொல்றேன், நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. 2021 மே 29 சனிக்கிழமை எனக்கு டயாலிசிஸ் முடிஞ்சுது. ஜூன் 1 செவ்வாய் காலையில 6 மணிக்கு போனா கேட்ல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு, 72 மணி நேரத்துக்குள்ள எடுத்த ஆர்டிபிசிஆர் கொரோனா டெஸ்ட் நெகட்டிவ் இருந்தாதான் உள்ள விடுவோம்னு. முன்னாடி நாள் ஒரு போன் பண்ணி சொல்லியிருந்தா கூட பரவாயில்ல. சரின்னு அங்கயே மதியம் 12 மணிக்கு சாம்பிள் குடுத்தேன். ரிசல்ட் வந்தது வியாழன் ராத்திரி 9 மணிக்கு, நெகட்டிவ். ஆனா வியாழக்கிழமை ஷிப்ட் காலையிலயே போயிருச்சு. வெள்ளிக்கிழமை காலையில ரிசல்ட்ட எடுத்துட்டு ஓடுனா "இன்னிக்கு உங்க நாள் இல்லையே, நாளைக்கு வாங்க"ன்றாங்க. நாளைக்கு வந்தா? சாம்பிள் எடுத்து 72 மணி நேரம் வெள்ளி மதியம் 12 மணியோட முடிஞ்சு போயிருது, சனிக்கிழமைக்கு அது செல்லாது, திரும்ப மொதல்ல இருந்து சாம்பிள் குடுக்கணும்! ரிசல்ட் வர ரெண்டு நாளுக்கு மேல ஆகுது, எனக்கு டயாலிசிஸ் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ. இந்த ரூல எழுதுனவரு வாரத்துக்கு மூணு டயாலிசிஸ்னா என்னன்னு ஒரு சிஸ்டர்கிட்டயாச்சும் கேட்டுட்டு எழுதியிருக்கலாம்.

ஊரடங்கு போட்டா ஊரு அடங்கும், ரத்தத்துல யூரியா அடங்காதுங்க ஐயா.

எனக்கு நாள் முழுக்க சேத்து குடிக்கலாம்னு சொல்லியிருக்குற தண்ணி 750 மில்லிதான், டீ, ரசம், மாத்திரை முழுங்குறது எல்லாம் அதுக்குள்ளதான். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அதையும் பாதியா கொறச்சேன், நாக்கு ஒட்டிக்கும்போது எலுமிச்சம்பழத் துண்டை நக்கிக்குவேன். அந்த நேரம் பாத்து தெருவுல ஆட்டோ வருது, மைக்கு கட்டி, வெந்நீர் நெறைய குடிங்க கபசுர குடிநீர் குடிங்கன்னு. எனக்கு சிரிப்பு வந்துச்சு, என் பொண்டாட்டிக்கு வரல. புதன்கிழமை ராத்திரியில இருந்து படுக்க முடியல, படுத்தா மூச்சு முட்டுது, சுவத்துல தலகாணிய சாத்தி வச்சு உக்காந்தே தூங்குனேன். எவ்வளவு நீர் ஏறியிருக்குன்னு பாக்கலாம்னா வீட்டு வெயிட் மெஷின்ல பேட்டரி செத்துப்போச்சு, வாங்க கடை இல்ல. வெள்ளிக்கிழமை காலையில பக்கத்து தெரு பழைய பேப்பர்காரர் வீட்டுக்கு போயி, நான் என் ஜெராக்ஸ் கடை வேஸ்ட் பேப்பர போடுவேன்ல, அந்த தராசுலயே ஏறி நின்னேன். 67.4. என் டிரை வெயிட், அதாவது சேந்த நீர எல்லாம் எடுத்தப்புறம் இருக்க வேண்டிய எடை, 61. அவரு காட்டுன நம்பர பாத்துட்டு ஒண்ணும் கேக்கல, நான் எறங்குறதுக்கு கைய மட்டும் புடிச்சுக்கிட்டாரு.

அன்னிக்கு சாயங்காலம் 4 மணிக்கு யூனிட்ல இருந்து போன், ஒரு ஸ்லாட் காலியாயிருக்கு உடனே வாங்கன்னு. எங்க யூனிட்ல ஸ்லாட் எப்படி காலியாகும்னு உங்களுக்கு தெரியுமான்னு தெரியல. யாரும் குணமாயிட்டு போறதில்ல. நான் யாரு ஸ்லாட்டுன்னு கேக்கல, மெஷின் பக்கத்துல அவரோட ஹீட்டிங் பேட் இருந்துச்சு, பாத்துக்கிட்டேன். அஞ்சு வருசமா பக்கத்து பெட்டு. அவருக்கும் சாம்பிள் எடுத்திருந்தாங்க.

அன்னிக்கு நாலு கிலோதான் எடுக்க முடிஞ்சுது, அதுக்கு மேல எடுத்தா பிரஷர் விழுந்துரும். மறுநாள் என் நாள், சர்ட்டிபிகேட் காலாவதி. டெக்னீசியன் அண்ணன் ஒருத்தர் கேட்டுக்கு வந்து செக்யூரிட்டிகிட்ட சண்டை போட்டு கூட்டிட்டு போனாரு. அவரு மேல நடவடிக்கை கிடவடிக்கைன்னு எடுத்துராதீங்க, தயவு செஞ்சு.

இதெல்லாம் புதுசா யாரும் யோசிக்க வேண்டியதே இல்ல. 2020 ஏப்ரல்லயே மத்திய சுகாதார அமைச்சகம் டயாலிசிஸ்காரங்களுக்குன்னே ஒரு வழிகாட்டுதல் போட்டுருச்சு. கொரோனா பாதிச்சவங்களுக்கும் சந்தேகமா இருக்குறவங்களுக்கும் ஒரு யூனிட்டயாச்சும் தனியா ஒதுக்கணும், சந்தேகமானவங்கள தனியாவோ கடைசி ஷிப்ட்லயோ வச்சு போடணும், ஆஸ்பத்திரி சீட்டையே பாஸா எடுத்துக்கணும், வண்டி இல்லாதவங்களுக்கு அரசாங்கம் வண்டி ஏற்பாடு பண்ணணும்னு அதுல இருக்கு. வருசம் ஒண்ணு தாண்டிருச்சு. வண்டி கதைய கேளுங்க. பஸ்ஸும் இல்ல ஆட்டோவும் இல்ல, 27 கிலோமீட்டரு, என் மச்சான் பைக்லதான் போறேன். நாலு மணி நேரம் மெஷின்ல கெடந்துட்டு எறங்குனா தலை கிறுகிறுன்னு சுத்தும், தூக்கத்துல விழுந்துருவேன்னு துண்ட எடுத்து என்னையும் அவன் இடுப்பையும் சேத்து கட்டிதான் ஓட்டிட்டு வருவான். பைபாஸ்ல ஒரு போலீஸ்காரர் நிறுத்தி "என்னடா இது, கடத்திட்டு போறியா"ன்னு கேட்டாரு. ஆஸ்பத்திரி சீட்ட காட்டுனா ஊரடங்குல வெளிய போக ஆன்லைன்ல போடுற இ-பதிவு எங்கன்றாரு. போன வருசம் ஊருக்கே இ-பாஸ் பிரிண்ட் போட்டு குடுத்த ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்ட!

தடுப்பூசி பத்தியும் சொல்லிடுறேன். மார்ச் மாசம் 45 வயசுக்கு மேல இணை நோய் இருக்குறவங்களுக்குன்னு ஆரம்பிச்சாங்க, அந்த லிஸ்ட்ல டயாலிசிஸ் இருக்கு, கிட்னி மாத்துனவங்க இருக்காங்க. எனக்கு 38. அதாவது ரெண்டு கிட்னியும் போனாலும் நான் திடகாத்திரமான இளைஞன். அது டெல்லியில போட்ட ரூல், உங்கள சொல்லி குத்தமில்ல. மே மாசம் 18 வயசுக்கு மேல எல்லாருக்கும்னு சொன்னதும் போனேன், ஸ்டாக் இல்ல. வாரம் மூணு நாள் உங்க ஆஸ்பத்திரிக்குள்ளயே நாலு மணி நேரம் கெடக்குறேன், ஓடிப்போக முடியாம ரெண்டு ஊசியோட, அப்ப வந்து மூணாவதா ஒண்ணு குத்துனா ஆகாதா?

ஆபரேஷன் கதை வேற. எங்க அம்மா கிட்னி பொருந்தி, ரெண்டு பேரு ரத்தமும் ஒத்துப்போகுதான்னு பாக்குற கிராஸ் மேட்ச் எல்லாம் முடிஞ்சு 2020 ஏப்ரல்ல தேதி குடுத்திருந்தாங்க. மார்ச்ல லாக்டவுன், ஆபரேஷன தள்ளி வச்சாங்க. மாத்துன கிட்னிய உடம்பு ஒதுக்காம இருக்க குடுக்குற மாத்திரை எதிர்ப்பு சக்திய கொறைக்கும், கொரோனா நேரத்துல ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரு, அதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கிட்டேன். இந்த ஜனவரியில திரும்ப டெஸ்ட் எடுத்தா அம்மாவுக்கு சுகர் வந்திருக்கு. அவங்க குடுக்க முடியாதுன்னுட்டாங்க. அம்மா இன்னும் என்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருக்கு. இதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, எனக்கும் தெரியும். ஆனா ஆபரேஷன் இல்லன்னு ஆனதுக்கு அப்புறம் எனக்கு இருக்குறது அந்த மெஷின் ஒண்ணுதான், அதுக்கும் கேட்ட போட்டா நான் எங்க போறது? பிரைவேட்ல கேட்டேன், ஒரு தடவைக்கு 2800, பிபிஇ கிட்டுக்கு 1500 தனியா. கடைய தொறக்காம ஒரு மாசம் ஆச்சுங்க.

கொஞ்சம் சூடா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கும் தூக்கமில்லாத வேலைதான், பாத்துக்கிட்டுதான் இருக்கேன். சாம்பிள் எடுங்க, வேணாம்னு சொல்லல, வாராவாரம் கூட எடுங்க, மூக்க காட்டுறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் மெஷின நிறுத்தாதீங்க. ஒரே ஒரு மெஷின், ஒரு தடுப்பு, கடைசி ஷிப்ட். அந்த பேப்பர கேட்ல இருந்து கிழிக்க சொல்லுங்க.

இன்னிக்கு ஜூன் 11, வெள்ளிக்கிழமை. எங்கிட்ட இருக்குற சர்ட்டிபிகேட் நேத்தோட முடிஞ்சுது. நாளைக்கு காலையில 6 மணிக்கு நானும் என் மச்சானும் வந்துருவோம். கேட்ல இருக்குற செக்யூரிட்டி தம்பிகிட்ட மட்டும் இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லி வச்சிருங்க ஐயா.