டிப்ஸ் எவ்வளவு என்பதற்கு முன் யாருக்கு என்று கேட்போம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவகத்தில் டிப்ஸ் எவ்வளவு வைப்பது, பார்சல் வாங்கினாலும் வைக்க வேண்டுமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், அது சதவீதக் கணக்கில் தொடங்கிச் சதவீதக் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. பத்து போதும் என்பார் ஒருவர், இருபதுக்குக் குறைந்தால் மரியாதையில்லை என்பார் மற்றொருவர். நாம் வைக்கும் பணம் யாருடைய கைக்குப் போகிறது என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் எவரும் எழுப்புவதில்லை. அதற்கு விடை தெரியாமல் தொகையைப் பற்றி வாதாடுவது, முகவரி எழுதாத உறைக்குத் தபால்தலை எவ்வளவு ஒட்டலாம் என்று யோசிப்பதைப் போன்றது என்பது என் கருத்து.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. வாழ்க்கையில் சில ஆண்டுகள் ஓர் உணவகத்தில் கணக்கு எழுதியிருக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பரிமாறுபவர்கள் தமக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் போட்டுவிட வேண்டும், வார இறுதியில் பிரித்துத் தரப்படும் என்பது ஏற்பாடு. ஆனால் பிரிப்பதற்கு முன் அந்த வாரம் உடைந்த தட்டுகளின் விலை, கணக்கில் துண்டு விழுந்த தொகை, பணம் தராமல் நழுவிப்போனவர்களின் பில் ஆகியவை அந்தப் பெட்டியிலிருந்தே கழிக்கப்பட்டன. கழித்து எழுதியவன் நான்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மேசையில் மனமுவந்து பணம் வைத்துச் சென்ற யாருக்கும், தாம் உடைந்த தட்டுக்கு ஈடு கட்டியிருக்கிறோம் என்பது தெரியாது. பாத்திரம் கழுவியவருக்கும் பின்புறம் நின்று பார்சல் கட்டியவருக்கும் அந்தப் பெட்டியில் பங்கே இருக்கவில்லை.

ஒவ்வொரு நாட்டின் டிப்ஸ் பழக்கத்தையும் அந்நாட்டின் கூலிச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உணவக ஊழியர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, வாடிக்கையாளர் தரும் டிப்ஸைக் கூலியின் ஒரு பகுதியாக முதலாளி கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்ற சலுகையையும் கூடவே சேர்த்துவிட்டது. அதன் விளைவாக, அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவான குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலராக இருக்க, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தம் கையிலிருந்து தர வேண்டிய தொகை 1991 முதல் இன்றுவரை 2.13 டாலரிலேயே நிற்கிறது. டிப்ஸோடு சேர்த்தும் 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதைக் கேட்டு வாங்கும் துணிவு எத்தனை ஊழியருக்கு வரும் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் அறிவார்கள். கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் இந்தச் சலுகையை முதலாளிகளுக்குத் தருவதில்லை. ஆகவே, அந்தச் சலுகை உள்ள மாநிலங்களில், மேசையில் அமர்ந்து சாப்பிட்டால் வரிக்கு முந்தைய தொகையில் 15 முதல் 20 சதவீதம் என்று அங்கே வழங்கும் கணக்கு தாராள மனத்தின் அளவுகோல் அன்று. முதலாளி தராத கூலியை வாடிக்கையாளர் நேரடியாகச் செலுத்தும் முறை அது. அந்த நாட்டுக்குப் போகிறவர், 'எங்கள் பழக்கம் வேறு' என்று சொல்லி எதுவும் வைக்காமல் எழுந்து வந்தால், நட்டம் முதலாளிக்கு இல்லை.

இந்த ஏற்பாட்டின் பழைய வரலாறும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைத் தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளில் சிப்பந்திகளாக அமர்த்திய புல்மேன் நிறுவனம், மிகக் குறைந்த சம்பளம் கொடுத்துவிட்டு மீதியைப் பயணிகளின் டிப்ஸிலிருந்து தேடிக்கொள்ளும் நிலையில் அவர்களை வைத்தது. 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்த அவர்கள், அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் காண 1937 வரை போராட வேண்டியிருந்தது. அதற்கும் முன்பே, 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸ் வழக்கத்தையே சட்டத்தால் தடைசெய்தது. வேறு சில மாநிலங்களும் அதைப் பின்பற்றின. 1926-க்குள் அந்தத் தடைகள் எல்லாமே நீக்கப்பட்டுவிட்டன.

பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் அது டிப்ஸ்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. டிப்ஸ் கொடுப்பவரின் விருப்பம். சர்வீஸ் சார்ஜ் நிறுவனம் விதிக்கும் கட்டணம். அமெரிக்க வரித்துறை, பெரிய குழுவாக வருபவர்களின் பில்லில் தானாகச் சேர்க்கப்படும் தொகையை டிப்ஸாகக் கருதுவதில்லை. பிரான்சில் விலைப்பட்டியலில் உள்ள விலையிலேயே சேவைக்கான கட்டணம் அடங்கியிருப்பதால், அதற்கு மேல் வைக்கும் சில்லறை உண்மையிலேயே அன்பளிப்பாகிறது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அவற்றை உறுதிசெய்தது. ஆகவே பில்லை முழுவதும் படிக்காமல் டிப்ஸ் வைப்பது சரியன்று. சேவைக் கட்டணம் இருந்தால், 'இது உங்களுக்குக் கிடைக்கிறதா?' என்று பரிமாறியவரிடமே தணிந்த குரலில் கேட்டுவிடலாம். நான் பலமுறை கேட்டிருக்கிறேன், கோபித்துக்கொண்டவர் ஒருவருமில்லை. பதில் சொல்வதற்கு முன் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு, அதுவே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது.

இனி பார்சலுக்கு வருகிறேன். அதற்கு டிப்ஸ் கட்டாயமில்லை என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம். நமக்காக ஒருவர் மேசையைத் துடைக்கவில்லை, பலமுறை வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பார்சலில் வேலையே இல்லை என்று சொல்வதை, அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த என்னால் ஏற்க முடியாது. குழம்பு கசியாமல் கட்டுவதும், சூடானதையும் குளிர்ந்ததையும் பிரித்து வைப்பதும், 'இதில் காரம் வேண்டாம், அதைத் தனியாக வையுங்கள்' என்ற குறிப்புகளைச் சரிபார்ப்பதும் கவனம் கேட்கும் வேலைகள். அதிலும், டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளும் இடங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது: மேசையில் பரிமாறும் அதே ஊழியர் அரை மணி நேரம் பார்சல் கட்ட நிறுத்தப்பட்டால், அந்த நேரத்துக்கு அவருக்கு மேசை வருமானமும் இல்லை, பார்சல் வாங்குபவர் எதுவும் தருவதுமில்லை. எனவே, ஒன்றிரண்டு பொருள்களை வாங்கிக்கொண்டு நகர்கிறவர் எதுவும் வைக்காமல் போவதில் தவறில்லை என்றும், பத்துப் பேருக்கான உணவைக் குறிப்புகளோடு கேட்டவரோ, மழையில் வண்டிவரை கொண்டுவந்து தரச் சொன்னவரோ 10 சதவீத அளவுக்காவது தருவது முறை என்றும் நான் கருதுகிறேன்.

பார்சல் கவுண்டரில் இப்போது நம் பக்கம் திருப்பி நீட்டப்படும் தொடுதிரையைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை: அது ஒழுங்கான முறையன்று. உணவு கைக்கு வரும் முன்பே, ஊழியர் எதிரே பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் வரிசை காத்திருக்க, மூன்று பெரிய கட்டங்களில் மூன்று சதவீதங்களைக் காட்டி, 'வேண்டாம்' என்பதை மட்டும் மூலையில் சிறிய எழுத்தில் வைப்பது கேட்பதாகாது, நெருக்குவதாகும். வரியையும் சேர்த்த மொத்தத்தின் மீது அந்தச் சதவீதம் கணக்கிடப்படுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. சேவை கிடைக்கும் முன்பே பணம் கேட்கப்படும் இடத்தில் 'வேண்டாம்' என்பதைத் தொடுவதற்கு எவரும் கூச வேண்டியதில்லை. அந்தத் திரையை அமைத்தவர் எதிரே நிற்கும் ஊழியர் அல்லர் என்பதால், அவரிடம் முகம் சுளிக்கவும் வேண்டியதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து தருபவரின் நிலை வேறு. தம் வண்டியையும் தம் எரிபொருளையும் செலவழித்துப் படியேறி வருகிற அவருக்குத் தருவதில் நான் கணக்குப் பார்ப்பதில்லை. இருந்தாலும், முடிந்தவரை செயலி வழியாக அன்றி அவர் கையிலேயே கொடுக்கிறேன். தன் வண்டியோட்டிகளுக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸை முழுமையாகச் சேர்ப்பிக்காமல் இரண்டரை ஆண்டுகளாக அமேசான் நிறுவனம் அடிப்படை ஊதியத்துக்கு ஈடாகப் பயன்படுத்தியது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, அந்த நிறுவனம் 6 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித்தர 2021-இல் ஒப்புக்கொண்ட செய்தியைப் படித்த பிறகு ஏற்பட்ட பழக்கம் இது. உணவு விரைவாக வரட்டும் என்று செயலியில் பெரிய தொகையைக் காட்டிவிட்டு, பொட்டலம் வந்தபின் அதைக் குறைத்துவிடுகிற சிலரும் இருக்கிறார்கள். அதை இங்கே எழுதும்போதே கை கூசுகிறது.

கொடுக்கும் விதத்தைப் பற்றியும் சில சொற்கள். தள்ளுபடிச் சீட்டைக் காட்டிச் சாப்பிட்டால், பரிமாறியவரின் உழைப்புக்குத் தள்ளுபடி கிடையாது என்பதால், முழு விலையின் மீதே கணக்கிட வேண்டும். உணவு தாமதமானால் அது பெரும்பாலும் சமையலறையின் குற்றம். பரிமாறியவருடைய டிப்ஸைக் குறைத்துத் தண்டிப்பதைவிட மேலாளரிடம் சொல்வதே பயன் தரும். ஏனெனில் குறைத்து வைத்த காரணம் அவருக்குப் புரியப்போவதில்லை. டிப்ஸைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின், சேவையின் தரத்துக்கும் வைக்கப்படும் தொகைக்கும் உள்ள தொடர்பு மிக மெலிதானது என்றே கண்டிருக்கிறார். நல்ல சேவைக்கு நல்ல டிப்ஸ் என்று நாம் நம்மைப் பற்றி நினைத்துக்கொள்வது அந்த அளவுக்குத்தான் உண்மை. ஜப்பானில் இந்த வழக்கமே இல்லை; வைத்த பணத்தை மறந்துவிட்டதாக எண்ணித் திருப்பித் தர ஓடிவருவார்கள். அங்கே வற்புறுத்திக் கையில் திணிப்பதும் மரியாதைக் குறைவே.

கடைசியாக, உணவக உரிமையாளர்களிடம் உங்கள் இதழின் வழியாக ஒரு வேண்டுகோள். பிரிட்டனில் 2023-இல் இயற்றப்பட்டு 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடிக்கையாளர் தரும் டிப்ஸை வரி நீங்கலாக எந்தப் பிடித்தமும் இன்றி, அடுத்த மாத முடிவுக்குள் ஊழியர்களிடையே நியாயமாகப் பிரித்துத் தர வேண்டும் என்றும், பிரிக்கும் முறையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்றும் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டம் வரட்டும் என்று காத்திராமல், அந்த முறையை நான்கு வரிகளில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்திலும் பார்சல் கவுண்டரிலும் எந்த உரிமையாளரும் மாட்டிவைக்கலாம். பரிமாறுபவருக்கு எவ்வளவு, சமையலறைக்கு எவ்வளவு, பாத்திரம் கழுவுபவருக்கும் பார்சல் கட்டுபவருக்கும் எவ்வளவு, நிர்வாகம் எதையும் எடுக்கிறதா என்ற நான்கும் அதில் இருந்தால், எவ்வளவு வைப்பது என்பதை நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
முன்னாள் உணவகக் கணக்கர் ஒருவர்