உன் மணிக்கட்டைப் பற்றி

கோத்தகிரி,
டிசம்பர் 8

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியது, மிளகு விலை, மருமகன் வேலை மாறியது என்று நாலு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி போட்டிருக்கிறாய். காப்பிக் களத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்ததாம், மாவுக்கட்டு போட்டு ஆறு வாரத்தில் பிரித்தாயிற்றாம், இப்போது ஒன்றும் இல்லையாம். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதற்கெல்லாம் அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன்.

எங்கள் அத்தைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. 67 வயதில் வாசல்படியில் தடுக்கி, கையை ஊன்றி விழுந்தார். இதே வலது மணிக்கட்டுதான். கட்டுப் பிரித்த அன்று, எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன். இந்த ஐப்பசியில் அவருக்கு இடுப்பு முறிந்தது. நடுவில் இருந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவருடைய எலும்பைப் பற்றி நினைக்கவில்லை. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீயும் நானும் ஒரே செவிலியர் பள்ளியில் பயிற்சி எடுத்து, முப்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகத் தடுப்பூசி, பிரசவம் என்று ஓடியவர்கள்.

அன்று ராத்திரி மூன்று மணி இருக்கும். மழை, கரண்டும் இல்லை. குளிருக்குக் கம்பளி சாக்ஸ் போட்டபடி பின்கட்டுக் கழிவறைக்கு எழுந்து போயிருக்கிறார். ஈரம் படிந்த சிமெண்ட் தரை. சத்தம் கேட்டு நான் டார்ச்சோடு ஓடியபோது வலப்பக்கமாகக் கிடந்தார். வலது கால் இடது காலைவிட ஒரு விரற்கடை குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் அத்தை, "ஒண்ணும் இல்ல, பிசகிடுச்சு, எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

விடிவதற்குள் வீடு நிறைய ஆள். பாதிப் பேர் கட்டுப் போடக் கூட்டிப் போகலாம் என்றார்கள். கை முறிவுக்குக் கட்டுப் போட்டு ஆறியவர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தைக்கு முறிந்தது தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் கழுத்து, அது அப்படிப்பட்ட இடம் இல்லை. இடுப்புக் கிண்ணத்துக்குள் சுழலும் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னச் சின்னக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் மேலே ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்துவிடும், பந்து உயிரில்லாமல் போய்விடும். வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே சேராது. அத்தைக்குக் கடைசியில் அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள்.

அது நடக்க நாலு நாள் ஆனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதலில் போன ஆஸ்பத்திரியில் காலில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டு, பிரஷர் குறையட்டும், சர்க்கரை குறையட்டும் என்று வைத்திருந்தார்கள். பிறகுதான் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், வாயால் ஒரு முனகல்கூட இல்லை. அங்கே இருந்த டாக்டர், இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை என்று இலக்கே வைத்திருக்கிறார்கள் என்றார். படுக்க வைக்கும் ஒவ்வொரு நாளும் நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும் என்றார். ஆபரேஷன் முடிந்த மறுநாளே அத்தையை எழுப்பி வாக்கரில் நிறுத்தினார்கள். நாலு அடி வைத்தார்.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர். பிழைத்தவர்களிலும் பாதிப் பேருக்குப் பழைய நடை திரும்புவதில்லை. இதைப் படித்ததும் எனக்கு என் பழைய இறப்புப் பதிவேடுதான் ஞாபகம் வந்தது. விழுந்து, எழுந்திருக்க முடியாமல் படுத்தபடியே மூன்று மாதம் கிடந்து, கடைசியில் சளி கட்டி மூச்சுத் திணறிப் போன பாட்டிகள் எத்தனை பேர் நம் பகுதியில்! காரணம் என்ற கட்டத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "முதுமை." நீயும் அதைத்தான் எழுதியிருப்பாய். அந்த முறிவு எந்தக் கணக்கிலும் ஏறவே இல்லை. ஏறாத நோய்க்கு யார் மருந்து அனுப்புவார்கள், யார் முகாம் போடுவார்கள்?

நம் நாட்டில் முறையாக எண்ணிய இடங்கள் மிகக் குறைவு. ஹரியானாவில் ரோத்தக் மாவட்டத்தில் எண்ணியிருக்கிறார்கள். 50 வயது தாண்டிய ஒரு லட்சம் பேரில் வருஷத்துக்கு 129 பேருக்கு இடுப்பு முறிவு. பெண்களில் 159, ஆண்களில் 105. உலகத்திலேயே அதிகம் முறிவது நார்வே, ஸ்வீடன், டென்மார்க் பக்கம், அது இதைவிடப் பல மடங்கு. அவர்கள் அதிக வயது வாழ்கிறார்கள், உயரமானவர்கள், தொடை எலும்பின் கழுத்தும் நீளம் என்று பல காரணம் சொல்கிறார்கள். அதற்காக நாம் நிம்மதியாக இருக்க முடியாது. நம்மவர்களுக்கு அங்கே இருப்பதைவிடப் பத்து வருஷம் முன்னதாகவே முறிகிறது. 1990இல் உலகம் முழுக்க சுமார் 16 லட்சத்து 60 ஆயிரம் இடுப்பு முறிவுகள் என்று கணக்கிட்டவர்கள், 2050இல் அது 62 லட்சத்தைத் தாண்டும், அதில் பாதி ஆசியாவில் இருக்கும் என்றார்கள். ஆயுள் கூடுகிறது, அதற்கேற்ற எலும்பு இல்லை.

ஆண்களுக்கு முறிவு குறைவு, ஆனால் முறிந்தால் அவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். அண்ணன் தூக்க மாத்திரை போடுவதாக முன்பு எழுதியிருந்தாயே, இன்னும் போடுகிறாரா? அந்த மயக்கத்தோடு ராத்திரி எழுந்து போவதுதான் பெரிய ஆபத்து. டாக்டரிடம் கேட்டு மெதுவாகக் குறைக்கச் சொல். கட்டிலிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுக் காலை ஊன்றட்டும். அவருக்குக் கண்புரை இருந்தால் தள்ளிப் போடாமல் எடுத்துவிடுங்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பதுகளில், அறுபதின் தொடக்கத்தில் விழுகிறவர்கள் கையை நீட்டித்தான் விழுவார்கள், மணிக்கட்டு போகும். எழுபதைத் தாண்டினால் கை நீளும் வேகம் இருக்காது, பக்கவாட்டில் சரிந்து இடுப்பு நேராகத் தரையில் மோதும். இடுப்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதற்கு முன்பே வேறெங்காவது ஒரு எலும்பு முறிந்திருக்கிறது. ஒரு தடவை சாதாரணமாக விழுந்து முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. உனக்கு 41 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களே, அப்போதிலிருந்தே உன் எலும்பு கரையத் தொடங்கியிருக்கும். மாதவிலக்கு நின்ற முதல் சில வருஷங்களில்தான் அது மளமளவென்று போகும். கை கூடிவிட்டது என்று நீ விட்டுவிட்டால், நான் அன்று கேசரி கிண்டியதற்கும் நீ இப்போது செய்வதற்கும் வித்தியாசம் இல்லை.

அதனால் வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு ஒரு நாள் போய், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடு. வலி இல்லை, ஊசி இல்லை, சும்மா படுத்தால் போதும். ரிப்போர்ட்டில் டி ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து பலம் இழந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து இருக்கிறது. அத்தைக்கு இந்த மாதம் ஜோலெட்ரானிக் ஆசிட் டிரிப்ஸ் ஏற்றினார்கள், வருஷத்துக்கு ஒரு தடவைதான். இடுப்பு முறிந்தவர்களிடமே அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. புது முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. அத்தைக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்பே போட்டிருக்கலாமே என்றுதான் டிரிப்ஸ் இறங்கி முடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வைட்டமின் டி அளவையும் சேர்த்துப் பார். மூடுபனியிலும் சால்வையிலும் இருக்கும் நமக்கு அது எங்கிருந்து வரும்?

வீட்டில் நான் செய்தது சொற்பம்தான். கழிவறைப் பாதையில் கைப்பிடிக் கம்பி, கரண்ட் போனால் தானாக எரியும் விளக்கு, வழுக்காத ரப்பர் செருப்பு. சாக்ஸோடு தரையில் இறங்கக் கூடாது என்று அத்தைக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. என் பழைய துணை சுகாதார நிலையப் பகுதியில் ஞாபகத்தில் இருக்கும் இடுப்பு முறிவுகளைத் தெரு வாரியாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எங்கே விழுந்தார், எத்தனை வயது, முன்பு ஏதாவது முறிந்ததா, ஆபரேஷன் நடந்ததா, பிறகு எத்தனை நாள் இருந்தார் என்று. தேயிலைச் சரிவில் முப்பது வருஷம் மூட்டை சுமந்தவர்களெல்லாம் வீட்டுக்குள்தான் விழுந்திருக்கிறார்கள். நீயும் தாண்டிக்குடி பக்கத்துக்கு இப்படி ஒன்று எழுதேன். இரண்டு நோட்டையும் சேர்த்து வட்டார மருத்துவ அலுவலரிடம் காட்டலாம்.

பொங்கல் கழித்து நான் மதுரை வருகிறேன், தங்கை வீட்டில் விசேஷம். அதற்குள் ஸ்கேன் எடுத்துவிடு. ரிப்போர்ட்டையும், அந்த மணிக்கட்டு எக்ஸ்ரேயையும் மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
உன் தோழி